பீப் ஸ்பீக்கரில் நாலு பேர்

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் எஸ்தர் டீச்சருக்குச் சீடர் என்று ஒருவர்தான் இருந்தார். போலீஸ் பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வுபெற்ற ஞானமுத்து. டீச்சரைவிட இருபத்தாறு வயது மூத்தவர்.

தன்னோடு ஓய்வுபெற்ற மூன்று கூட்டாளிகளையும் சேர்த்து நாலு பேர் வாசிக்க அவர் ஓர் இசை எழுதியிருந்தார். அது மிடி கோப்பாக ஒரு பிளாப்பியில் இருந்தது. ஊர் விழாவில் அதை வாசித்தே தீர வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. விழாத் தலைவர் சிவனணைந்த பெருமாளோ, "எங்க மன்றத்துக் கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டும். கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றுவிட்டார்.

டீச்சரோடு போய்ப் பார்த்தால், அந்தக் கம்ப்யூட்டரில் இசையை ஒலிக்கச் செய்யும் சவுண்ட் கார்டே இல்லை.

"மிடியில சத்தமே கிடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க டீச்சர்? எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம்னு உத்தரவு மட்டுந்தான் இருக்கும்னு. உத்தரவைக் கேட்டுப் பாட இங்க ஆளே இல்லியே. ஊமை மெஷின்ல எப்படிப் பாட்டு வரும்?"

டீச்சர் மெஷினை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். உள்ளே 'பீப்' என்றது.

"இது யாரு சார்?"

"அது ஏதாவது கோளாறுன்னா கத்துறதுக்கு வச்ச ஸ்பீக்கர்."

"கத்துதுல்லா? போதும்."

டீச்சர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஞானமுத்து ஒரு காரியம் செய்திருந்தார். மூன்று பேருடைய பகுதியையும் அழித்துவிட்டு, தன் கிளாரினெட்டை மட்டும் மெஷினில் வைத்திருந்தார்.

"அதுக்கு ஒரு நேரத்துல ஒரு ஸ்வரந்தான் வரும் டீச்சர். அதான்..."

டீச்சருக்குக் கோபம். பிளாப்பியிலிருந்து நாலு பேர் பகுதியையும் திரும்ப ஏற்றினார். நாலு ஸ்வரத்துக்கும் மாறி மாறிக் கண்ணிமைக்கும் நேரம் கிடைக்கும்படி ஒரு புரோகிராம் எழுதினார். ஸ்பீக்கர் நாலுக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

தலைவர் வந்தார். இசை ஓடியது. கரகரவென்று, காதைக் கிழித்துக்கொண்டு. ஆனால் நாலும் இருந்தன.

"என்னவே இது, சிள்வண்டைப் பிடிச்சு டப்பாவுல அடைச்ச மாதிரி!" தலைவர் சிரித்தார். "நிப்பாட்டும்மா."

டீச்சர் நிறுத்தவில்லை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டார்.

தலைவரின் சிரிப்பு போய்விட்டது. "சரிவே, மேல ஓடுத உம்ம கிளாரினெட் பாட்டு நல்லாத்தான் இருக்கு. அதை மட்டும் வச்சுக்கிடும். நீரு தனியா மேடையில வாசியும். மத்ததெல்லாம் வேண்டாம்."

தனியாக, மேடையில். ஞானமுத்து டீச்சர் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், தலைவரே இறங்கி வந்துட்டாரு. சரின்னு சொல்லிரட்டுமா?"

டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருக்கது ஒத்த வாய். அதை வச்சுக்கிட்டு இந்த டப்பா மூச்சு வாங்க ஓடி ஓடி நாலு பேரையும் கூப்பிடுது. நீங்க யாரை விட்டுட்டுப் போலாம்னு பாக்கீங்க சார்?"

"வாசிச்சா நாலு பேருந்தான் தலைவரே" என்றார் ஞானமுத்து. குனிந்து பிளாப்பியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.