கதவு மூடுற கஸ்பாரும் கொற்கைக் கப்பலும்

ஒரே ஒரு கடலாம், அதுல ஒரே ஒரு கப்பலாம்... இரு, இரு, தப்பாச் சொல்லிட்டேன். அப்போ அது கப்பலே இல்ல. கரையில, கப்பல் கட்டுற பட்டறையில, வெறும் இரும்புத் தகடா அடுக்கிக் கிடந்துச்சு. ஏட்டி செல்மா, காலை உதைக்காம படு. பெரியம்மா சொல்லச் சொல்ல நீ "ம்" சொல்லணும். "ம்" நின்னா கதையும் நின்னுரும், கேட்டியா?

"ம்."

அந்தத் தகடையெல்லாம் எடுத்து வெல்டிங் வைக்கிறாங்க. சர்ர்ர்ருனு பொறி பறக்குது. வீடு மாதிரி பெரிய பெரிய துண்டா செஞ்சு, கிரேனால தூக்கி, ஒண்ணோட ஒண்ணை ஒட்டுறாங்க. அது சும்மா சரக்குக் கப்பல் இல்ல, சண்டைக் கப்பல். அந்த வகைக்கு டெஸ்ட்ராயர்னு பேரு. எதிரே வர்றதையெல்லாம் அழிக்கிறதுனு அர்த்தம். கேக்கவே பயமா இருக்குல்ல? ஆனா இந்தக் கப்பலுக்கு வச்ச பேரு என்னமோ நல்ல பேரு. கொற்கை.

அப்போ அங்க கஸ்பார்னு ஒருத்தர் வந்தாரு. மணப்பாட்டுக்காரர், கடற்படையில சேந்த புதுசு, மீசை அப்பத்தான் அரும்பி நிக்குது. கப்பல் கட்டி முடியுறதுக்கு முன்னாடியே அதுல வேலை பாக்கப்போற ஆளுங்களை அனுப்பி வச்சிருவாங்க, கூட இருந்து பழகுங்கடானு. கஸ்பாருக்கு என்ன வேலை தெரியுமா? ஓட்டை விழுந்தா அடைக்கணும், தீப்பிடிச்சா அணைக்கணும். தண்ணி உள்ள வரக்கூடாது, அம்புட்டுதான் அவரு வேலை.

கப்பலுக்குள்ள நம்ம வீடு மாதிரி நாலு கதவு இல்லட்டி. எங்க பாத்தாலும் கதவு. கனமான இரும்புக் கதவு, சுத்தி கைப்பிடி, ஓரத்துல ரப்பர். ஒரு ரூம்ல தண்ணி வந்தா அடுத்த ரூமுக்குப் போகாம தடுக்கணும்ல, அதுக்கு. கஸ்பார் ஒவ்வொரு கதவா போயி, நிலை விளிம்புல சாக்பீஸைத் தேய்ச்சு, டம்முனு இழுத்து மூடி, திரும்பத் திறந்து பாப்பாரு. ரப்பர்ல வெள்ளைக் கோடு எங்கயும் அறுந்துபோகாம சுத்தி விழுந்திருந்தா கதவு பாஸ். ஒரு இடத்துல நூலளவு விட்டுப்போனாலும், "மாத்துங்க"னு நிப்பாரு. பட்டறைக்காரங்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "சாக்பீஸ் வாத்தியார் வந்துட்டாரு, எல்லாரும் ஓடுங்க"னு கேலி பண்ணுவாங்க.

"அவருக்குக் கோவம் வராதா?"

வராம என்ன? வரும். ஆனா திட்டிக்கிட்டே அடுத்த கதவுக்குப் போயிருவாரு.

அப்புறம் ஒரு நாள் தேங்காய் உடைச்சு, மாலை போட்டு, கப்பலைத் தாங்கி நின்ன கட்டையைத் தட்டிவிட்டாங்க. சளப்! கொற்கை கடல்ல இறங்கிட்டா. அப்புறம் எஞ்சின் வச்சு, பீரங்கி வச்சு, ஏவுகணை வச்சு, மூணு பரிச்சை வச்சாங்க. முதல் பரிச்சை ஓட்டம். உர்ர்ர்ருனு ஓடினா பாரு, பின்னாடி தண்ணி மலை மாதிரி எழும்பிச்சு. பாஸ். ரெண்டாவது பீரங்கி. டமார், டமார்! சமையல் ரூம்ல தட்டெல்லாம் கலகலனு கீழ விழுந்துச்சு, அதுவும் பாஸ். மூணாவது, புயல்காத்துல திருப்பம். இப்படிச் சாயுறா, அப்படிச் சாயுறா. கஸ்பார் வாந்தி எடுத்துக்கிட்டே கதவைத் தடவித் தடவிப் பாக்குறாரு. ஒரு சொட்டு உள்ள வரலை. பாஸ்.

"ம்."

அப்புறம் கொற்கை ஊர் ஊரா, கடல் கடலா போனா. எங்கயோ ஒரு நாட்டுல சண்டை, நம்ம சனம் துறைமுகத்துல மூட்டை முடிச்சோட நிக்குது. போயி ஏத்திக்கிட்டு வந்தா. வர்ற வழியில பீரங்கிக்குக் கீழேயே ஒருத்திக்குப் பிள்ளை பிறந்துச்சு. இன்னொரு வருஷம் ஒரு தீவுல புயல், குடிக்கத் தண்ணி இல்ல. தண்ணி கொண்டுபோனா. அப்புறம் கொள்ளைக்காரங்க ஒரு சரக்குக் கப்பலைப் பிடிச்சு வச்சிருந்தானுங்க. இவ போயி பக்கத்துல நின்னா, அம்புட்டுதான், அவனுங்க துப்பாக்கியைக் கடல்ல எறிஞ்சிட்டுக் கையைத் தூக்கிட்டானுங்க. முப்பது வருஷத்துக்கு மேல ஓடினா, ஒரு எதிரி மேலயும் ஒரு குண்டு கூட வீசலை. அப்படி ஒரு நேரம் வரவே இல்ல.

கூட இருந்தவங்க சில பேருக்கு அது குறை. "சண்டையே பாக்காத சண்டைக் கப்பல்"னு இளக்காரமாச் சொல்லுவானுங்க. கஸ்பாருக்கு அதுதான் பெருமை. "எங்க வீட்டுக்காரியும் அரிவாமனை வச்சிருக்கா, யாரையாவது வெட்டவா வச்சிருக்கா?"னு கேப்பாரு.

அப்போ ஒரு விடியக்காலை. ஒரே மூடுபனி, நீட்டின கை தெரியலை. பொத்துனு ஒரு சத்தம், கிர்ர்ர்ருனு ஒரு கிழிசல். பெரிய சரக்குக் கப்பல் ஒண்ணு கொற்கை விலாவுல வந்து மோதிருச்சு! தண்ணி கபகபனு உள்ள வருது. கஸ்பார் பனியனோட ஓடுறாரு. "வெளிய வாங்கடா, வெளிய வாங்கடா"னு ஆளுங்களை இழுத்துப் போட்டுட்டு, டம், டம், டம்முனு கதவை மூடுறாரு. தண்ணி அந்த ஒரு ரூமோட நின்னுபோச்சு. ஒரு உயிர் போகலை. கொற்கை நொண்டி நொண்டிக் கரைக்கு வந்து சேந்தா.

அன்னையிலருந்து அவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கிச்சு. ஒரு கதவைத் தாண்டினா, திரும்பி மூடிட்டுத்தான் அடுத்த அடி. கப்பல்ல மட்டுமா? லீவுல வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான். அவரு பெண்டாட்டி அந்தோணியம்மாள் சட்டியும் கையுமா அடுக்களைக்கும் முத்தத்துக்கும் நடப்பா, இவரு பின்னாடியே போயி கதவை மூடுவாரு. "இது என்ன கடலா, காத்து வரட்டும்யா, புழுங்கிச் சாகுறோம்"னு அவ கத்துவா. அவருக்குக் கேக்காது. கை தானா போயிரும்.

"ம்."

தூங்கிட்டியோனு பாத்தேன். அப்புறம் கொற்கைக்கு வயசாச்சு. எஞ்சின் இருமுது, தகடு தேஞ்சுபோச்சு. ஒரு சாயங்காலம், சூரியன் இறங்குற நேரத்துல, எல்லாரும் வெள்ளை உடுப்போட வரிசையா நின்னு, கொடியை இறக்கி மடிச்சுக் குடுத்துட்டாங்க. இனி அவ கடற்படைக் கப்பல் இல்ல. பீரங்கியைக் கழட்டினாங்க, எண்ணெயை உறிஞ்சி எடுத்தாங்க. கடைசியா இறங்குன ஆளு கஸ்பார்தான். மேலதிகாரி அவருகிட்டச் சொன்னது ஒண்ணே ஒண்ணு: "உள்ள இருக்குற கதவெல்லாம் திறந்தே கிடக்கட்டும்."

"ஏன்?"

சொல்றேன். பழைய சண்டைக் கப்பலைச் சில சமயம் நடுக்கடலுக்கு இழுத்துட்டுப் போயி நிறுத்திருவாங்க. புதுக் கப்பல்காரங்க அதைச் சுட்டுப் பழகுவாங்க. அது அங்கயே முங்கிரும். கதவு திறந்து கிடந்தா சீக்கிரம் முங்கும். கஸ்பாரும் "சரி சார்"னு தலையை ஆட்டிட்டு உள்ள போனாரு. அடித்தட்டுலருந்து ஒவ்வொரு ரூமா, தகடைத் தடவிப் பாத்துட்டு மேல வந்தாரு. மனசெல்லாம் கனமா இருக்கு, கண்ணு கலங்கியிருக்கு. கை மட்டும் அது பாட்டுக்கு வேலை பாக்குது. தாண்டுற கதவையெல்லாம் டம், டம், டம்முனு மூடிட்டு வந்துட்டாரு! மூடினது அவருக்கே தெரியாது.

அப்புறம் அவரைப் புதுக் கப்பலுக்கு மாத்திட்டாங்க. ரிட்டையர் ஆக ஒரு வருஷம்கூட இல்ல, மூத்த ஆளுனு எல்லாரும் அவரை "சீஃப்"னுதான் கூப்பிடுவாங்க. அந்தக் கப்பல் கேப்டன் பேரு திருமாறன். ஒரு நாள் அவரு கஸ்பாரைக் கூப்பிட்டு, "சீஃப், நாளைக்குச் சுடப்போறது கொற்கையை. நீங்க கீழேயே இருந்துக்குங்க, பாக்க வேண்டாம்"னாரு. நல்ல மனுசன்தான். கஸ்பார், "இல்ல சார், அவ போறப்ப நான் மேல நிக்கணும்"னாரு.

மறுநாள் கொற்கை தூரத்துல தனியா நிக்குறா. கொடி இல்ல, ஆள் இல்ல. டமார்! முதல் குண்டு மூக்குல. ஆடினா, நின்னா. டமார்! ரெண்டாவது நடுவுல. புகை வந்துச்சு, அடங்கிச்சு. டமார்! மூணாவது தண்ணி மட்டத்துல, பெரிய ஓட்டை. எல்லாரும், இப்ப முங்குவா, இப்ப முங்குவானு பாக்குறாங்க. லேசா ஒரு பக்கம் சாஞ்சா. அப்படியே நின்னுட்டா.

பொழுது சாயுது. அந்தப் பக்கம் மீன்பிடி போட்டெல்லாம், எப்படா விடுவாங்கனு காத்துக் கிடக்குது. பாதி முங்கின இரும்பு, விளக்கு இல்லாம ராத்திரி மிதந்தா, எந்தப் போட்டு வந்து மோதும்னு யாருக்குத் தெரியும்? "இவ்வளவு அடி வாங்கியும் ஏன் போக மாட்டேங்குது? இன்னும் சுட்டுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்"னு கேப்டன் சொல்றாரு.

கஸ்பாருக்கு அப்பத்தான் சுருக்குனு தச்சுச்சு. தன் கையைத் தானே பாக்குறாரு.

"சார், அவ மேல தப்பு இல்ல. நான்தான். கதவெல்லாம் மூடிட்டு வந்துட்டேன்."

"திறந்து வைக்கத்தானே சொன்னாங்க?"

"ஆமா சார். பழக்கம். இனி சுட வேண்டாம் சார், அவளைச் சல்லடையாக்க வேண்டாம். என்னை அனுப்புங்க, நான் திறந்து விட்டுட்டு வாரேன்."

"சாஞ்சு நிக்குற கப்பல் சீஃப். நீங்க உள்ள இருக்கும்போது கவுந்தா?"

"எந்தக் கதவை முதல்ல திறக்கணும், எதை அப்புறம் திறக்கணும்னு தெரியும் சார். கவுக்காம இறக்குறேன்."

கேப்டன் கொற்கையையும் இறங்குற சூரியனையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, "மூணு தடவை கப்பல் சங்கை ஊதுவேன். மூணாவது ஊதினா, எது பாக்கியா இருந்தாலும் வந்துறணும்."

"ம்... பெரியம்மா, செத்துருவாரா?"

பொறுட்டி. மீராசானு ஒரு ஆளு, ரப்பர் போட்டை ஓட்டுறவரு, கஸ்பாரைக் கொண்டுபோயி ஏத்திவிட்டாரு. "அண்ணே, இடுப்புல கயிறு கட்டியிருக்கேன், அத்துட்டுப் போயிராதீங்க"னாரு. கஸ்பார் டார்ச்சோட உள்ள இறங்குறாரு. கும்மிருட்டு. எங்கயோ தண்ணி சளக் சளக்குங்குது. முதல் கதவுகிட்டப் போயி கையை வச்சாரு. அந்தப் பக்கம் தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது, கதவு ஒரு சொட்டு விடலை.

கை வரலைட்டி. ஆயுசு முழுக்கத் தண்ணி வரக்கூடாது, வரக்கூடாதுனு மூடின கை. இப்ப வானு சொல்லணும். அந்த இருட்டுல நின்னுக்கிட்டு அவரு அழுதாரு. "போதும் தாயீ. எல்லாரையும் கரை சேத்துட்ட. நீ போ"னாரு. அப்புறம் கைப்பிடியை ஒவ்வொண்ணாத் தளர்த்தி, ஒதுங்கி நின்னாரு. புஸ்ஸ்ஸ்... தடதடதடனு தண்ணி உள்ள வந்துச்சு.

பூம்னு முதல் சங்கு. இடது பக்கம் ஒரு கதவு, வலது பக்கம் ஒரு கதவுனு மாத்தி மாத்தித் திறக்குறாரு, அவ ஒரு பக்கமாச் சாஞ்சு விழுந்துறக் கூடாதுனு. தண்ணி முழங்காலுக்கு வந்தாச்சு. பூம்னு ரெண்டாவது சங்கு. இடுப்புக்கு வந்தாச்சு. மேல மீராசா, "அண்ணே, வாங்கண்ணே!"னு கயிறை இழுக்குறாரு. பூஊஊம்! மூணாவது. கஸ்பார் ஏணியில தாவி ஏறி, போட்டுல விழுந்தாரு.

அப்போ கொற்கை நிமிந்தா. சாஞ்சிருந்தவ நேரா நிமிந்து, எந்தப் பக்கமும் ஆடாம, மெல்ல, மெல்ல இறங்குனா. புதுக் கப்பல்ல எல்லாரும் விறைப்பா நின்னு சல்யூட் அடிக்கிறாங்க. குளுக், குளுக், குளுக்... அப்புறம் வெறும் தண்ணிதான். மீன்பிடி போட்டெல்லாம் டுக்குடுக்குடுக்குனு கிளம்பிருச்சு.

கஸ்பார் நனைஞ்ச கோழியா நிக்குறாரு. கேப்டன் வந்து துண்டு குடுத்து, "எல்லாக் கதவும் திறந்துட்டீங்களா சீஃப்?"னாரு.

"ஒண்ணை விட்டுட்டேன் சார்."

"நேரம் பத்தலையா?"

"நேரம் இருந்துச்சு சார். ஆளுங்க தூங்குற ரூம் அது. அதை மட்டும் திறக்க மனசு வரலை."

கேப்டன் பக்கத்துலயே கடலைப் பாத்து நின்னாரு.

"பெரியம்மா..."

ம்?

"அந்த ரூம்ல இன்னும் தண்ணி போயிருக்காதா?"

தெரியலைட்டி. அம்புட்டு ஆழத்துல கடல் எந்த இரும்பையும் நசுக்கிரும்னு சொல்றாங்க, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது கஸ்பார் மூடின கதவு.

சரி, கொற்கை அடியில சேந்துட்டா, கதை கரையில சேந்துருச்சு, நீ தலகாணியில சேரு. கண்ணை மூடு தங்கம்.