ஒன்பதிலிருந்து பத்தரை வரை

சிறுநீர்ப்பை வலிக்கென்று தனியாகப் படித்த நர்ஸ் அந்த ஆஸ்பத்திரியில் எப்சிபா ஒருத்திதான். அவளிடம் வேலை கற்றுக்கொள்ள ஆபரேஷன் தியேட்டரிலிருந்து தெய்வானையை அனுப்பினார்கள். தெய்வானைக்கு வயது ஐம்பது. எப்சிபாவைவிடப் பத்து வருஷம் மூத்தவள்.

தியேட்டரில் கிழித்தோம், தைத்தோம், ஆளை அனுப்பினோம். இங்கே ஆறு மாதமாக அதே முகங்கள், அதே வலி. தெய்வானைக்கு வெறுத்துப்போயிற்று.

"ஸ்கேன்ல ஒண்ணுமில்ல, டெஸ்ட்ல ஒண்ணுமில்ல. காப்பிய நிறுத்தியாச்சு, புளிப்ப நிறுத்தியாச்சு, மாத்திரையும் குடுத்தாச்சு. வலி மட்டும் போவ மாட்டேங்கு. இதுல நமக்கு என்ன வேலை, சிஸ்டர்?"

"சங்கரவடிவம்மா வந்திருக்காங்க. நோட்ட நீங்களே பாருங்கக்கா" என்றாள் எப்சிபா.

சங்கரவடிவுக்கு நான்கு வருஷ வலி. அரைமணிக்கு ஒரு தரம் பாத்ரூம். மகளின் தலைப்பிரசவத்தைக்கூடத் தன் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல், தூத்துக்குடியில் சம்பந்தி வீட்டுக்கே விட்டுவிட்டாள். பேத்திக்கு ஐந்து மாதம். பஸ்ஸை நினைத்து நினைத்தே இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

மூத்திரம் முட்டும்போது ஐந்து நிமிஷம் பொறுக்கப் பழக்கி, பிறகு அதைப் பத்தாக்கி, எப்சிபா அவளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை போகும்போதும் நேரத்தையும், பத்துக்கு எத்தனை வலி என்பதையும் நோட்டில் எழுதிவர வேண்டும். நோட்டுத் திருத்தவா நர்ஸ் ஆனோம் என்று தெய்வானைக்கு எரிந்தது.

புரட்டினாள். வலி ஏழு, எட்டு, ஏழு. வியாழக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ஒன்றுமே எழுதவில்லை.

"ஏம்மா, எத்தன தடவ சொல்லுறது? போவப்போவ எழுதணும். இங்க ஒன்றரை மணி நேரத்தக் காணோம்."

"போவல, சிஸ்டர்."

"எழுத மறந்துட்டு சும்மா சொல்லாதீங்க."

"மறக்கல. தூத்துக்குடி பஸ்ல இருந்தேன்."

தெய்வானை நிமிர்ந்தாள். "வலி?"

"அது இருந்துச்சு. எட்டு இருக்கும். எப்சிபா சிஸ்டர் சொல்லிக்குடுத்த மாதிரி மூச்ச மெதுவா விட்டுக்கிட்டு, கம்பியப் புடிச்சுக்கிட்டே போயிட்டேன்."

தெய்வானை சலிப்போடு எப்சிபா பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா? மொத நாளும் எட்டு, பஸ்லயும் எட்டு. நோட்டுல இந்தக் காலிக் கட்டத்துல நான் என்னத்த எழுத?"

"பேனாவ வைங்கக்கா" என்றாள் எப்சிபா. "பேத்தி யாரு சாடைன்னு கேளுங்க."