காணாமல் போன தட்டுகள்

கனகசபை பென்ஷன் வாங்கிய பிறகு ஆசிரமத்துக்கு வந்தவர். குரு யோகாம்பாள் அம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அம்மா முன்னால் நின்றால் அவருக்குக் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

அன்று ஒரு மரப்பெட்டியைச் சுமந்துகொண்டு வந்து நின்றார். உள்ளே வைக்கோலுக்கு நடுவே பழைய இங்கிலாந்துப் பீங்கான். டீ கோப்பை ஆறு, காபி கோப்பை ஆறு, தட்டு ஆறு. எல்லாவற்றிலும் கையால் வரைந்த ஊதாப் பூக்கள்.

“தாத்தா ஒரு துரைகிட்ட வாங்கினது. இங்கேயே வெச்சுக்கோங்க, அம்மா.”

“உங்களுக்கு வேண்டாமா?”

“பார்த்தாலே வயிறு எரியுது. பாகம் பிரிச்சப்போ காபி கோப்பையோட தட்டு ஆறையும் அக்கா அமுக்கிட்டாங்க. அதுலேருந்து பேச்சுவார்த்தை கிடையாது. போன மாசம் அவங்களே வந்தாங்க. ‘ஆமாடா, நான்தான் எடுத்தேன், உடைஞ்சு போச்சு’ன்னு அழுதாங்க. மன்னிச்சுட்டேன்.”

மன்னித்ததைச் சொல்லும்போது மனிதருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அது ரொம்ப நேரம் நிற்கவில்லை.

“மன்னிச்ச பிறகும் மனசு ஆறலையே, ஏன் அம்மா?”

அம்மா ஒரு தட்டை எடுத்துத் தரையில் வைத்தார். அதன் நடுக்குழியில் டீ கோப்பையை வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. அதை எடுத்துவிட்டுக் காபி கோப்பையை வைத்தார். அதுவும் அப்படியே உட்கார்ந்தது.

“இங்கே வர்றதுக்கு முன்னாடி மியூசியத்துல பீங்கானோடதான் குப்பை கொட்டினேன்” என்றார் அம்மா. “அந்தக் காலத்து இங்கிலீஷ் செட்டு இப்படித்தான். ரெண்டு கோப்பைக்கும் பொதுவா ஒரே தட்டு. டீயையும் காபியையும் ஒருத்தர் ஒரே நேரத்துல குடிக்கப் போறதில்லையே.”

“அப்போ மத்த ஆறு தட்டு?”

“அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது.”

கனகசபை கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கூடப்பிறந்தவளைத் திருடி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாய் அது. மகள் கல்யாணத்துக்குக்கூட அக்காவை அழைக்கவில்லை. அவமானத்தில் அவர் குன்றிப்போனார்.

“எடுக்காததை எதுக்கும்மா எடுத்தேன்னு சொன்னாங்க?”

அம்மா அவரைப் பரிவோடு பார்த்தார். குரலில் கடுமை இல்லை.

“உங்களைப் பேச வைக்க அவங்களுக்கு வேற என்ன வழி விட்டீங்க?”