ஆறு தொப்பி ஆடிட்டர்

பல்லடம் பக்கம் ஒரு நூல் மில். அங்கே சர்வர் ஆறு; சரக்கு மென்பொருள் ஓடுவதும், அதற்கு லைசென்ஸ் இருப்பதும் ஒன்றில் மட்டும்தான். மென்பொருள் கம்பெனி அனுப்பிய ஆடிட்டர் சபாபதி மேஜையைத் தட்டினார்.

"இது மெய்நிகர் சர்வர். மென்பொருள் நினைச்சா மத்த அஞ்சு சர்வருக்கும் தாவும். ஆறுக்கும் லைசென்ஸ் வாங்குங்க, இல்லைன்னா நாளைக்கே நிறுத்திடுவேன்!"

மில் முதலாளி செக் புத்தகத்தை எடுத்தார். சர்வர் அறை ஆபரேட்டர் பூங்கோதை குறுக்கிட்டாள். "தாவாதுங்க சார். செட்டிங்ல பூட்டியிருக்கேனுங்க."

"பூட்டினா என்ன? தாவ முடியுமா, முடியாதா?"

அந்த மில்லில் பிரிவுக்கு ஒரு நிறத் தொப்பி. அது இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. சபாபதி தலையில் சர்வர் அறையின் நீலத் தொப்பி இருந்தது. பூங்கோதை பீரோவைத் திறந்து, மற்ற ஐந்து பிரிவுத் தொப்பிகளையும் அதன்மேல் ஒவ்வொன்றாக மாட்டினாள். கடைசித் தொப்பி கண்ணை மறைத்தது.

"என்னம்மா இது? நான் இந்த ரூமை விட்டு எங்கேயும் போகப் போறதில்லையே!"

"போக முடியுமுங்களே சார். காலு ரெண்டும் நல்லாத்தான இருக்குது?"

"முடிஞ்சா போயிடுவேனா? மத்த கதவெல்லாம் பூட்டித்தானே வெச்சிருக்கீங்க!"

முதலாளி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பூங்கோதை சபாபதியின் கையில் பேனாவை வைத்தாள்.

"இப்பச் சொன்னதையே ரிப்போர்ட்ல எழுதிடுங்க சார். அஞ்சு தொப்பியையும் எடுத்துக்கறேனுங்க."

சபாபதி தொப்பிக்கடியில் தடவித் தடவி எழுதினார்: 'ஒரு சர்வர், ஒரு லைசென்ஸ்.'