கும்பிடு இன்னாசி

இன்னாசி கோல் போட்டால் கும்பிடுவான். அதனால் அவனுக்கு அந்தப் பெயர்.

பந்தாட்டத்தில் ஒரு மரியாதை உண்டு. பழைய டீமுக்கு எதிராகக் கோல் போட்டவன் குதிக்கக் கூடாது. சட்டையைக் கழற்றிச் சுழற்றக் கூடாது. ஒரு காலத்தில் அவனைத் தோளில் தூக்கிய சனம் அல்லவா அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது? அவர்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பேசாமல் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும்.

முப்பத்து நாலு வயதுக்குள் இன்னாசி அந்த லீக்கில் இருந்த பத்து டீமில் ஒன்பது டீமுக்கு ஆடி முடித்திருந்தான். அவன் ஆடாத ஒரே டீமும் போன வருஷம் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. அதற்குப் பதிலாக மேலே வந்த டீம்? அதிலும் அவன் முன்பே ஆடியிருந்தான். அப்புறம் கும்பிடாமல் என்ன செய்வான், பாவம்.

கெட்டிக்காரன், அதில் எதிரிக்குக்கூடச் சந்தேகம் கிடையாது. ஆனாலும் எந்த டீமும் அவனை இரண்டு சீசனுக்கு மேல் வைத்துக்கொண்டதில்லை. வயது குறைந்த ஒருவனைக் கூட்டி வருவார்கள். இன்னாசி பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த மைதானத்துக்குப் போவான். போன இடத்தில் முதல் மேட்சிலேயே கோல் போடுவான். கும்பிடுவான்.

அந்த வருஷம் அவன் திருவொற்றியூர் ஸ்போர்ட்டிங்குக்கு ஆடினான். கடைசி மேட்ச் காசிமேடு யூனியனோடு. அவன் பிறந்த ஊர், முதல்முதலில் சட்டை போட்ட டீம். டிரா செய்தால் யூனியன் தப்பிக்கும், தோற்றால் கீழே இறங்கும்.

யூனியனுக்குக் கோச் பிலோமினா டீச்சர். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவர். இன்னாசியின் காலில் முதன்முதலில் பூட்ஸ் மாட்டிவிட்டது அவர்தான்.

வெள்ளிக்கிழமை காலை இன்னாசி அவரைத் தேடி யூனியன் மைதானத்துக்குப் போனான். டீச்சர் சுண்ணாம்பு வாளியோடு நின்றிருந்தார்.

“டீச்சர்.”

“வாடா. அந்தக் கயிறு முனையப் பிடி.”

பிடித்தான். டீச்சர் கயிற்றை ஒட்டிச் சுண்ணாம்பைத் தூவிக்கொண்டே வந்தார்.

“ஞாயித்துக்கிழமை நான் ஆடட்டா, வேணாமா டீச்சர்?”

“ஏன், காலுக்கு இன்னா?”

“காலுக்கு ஒண்ணுமில்ல. நான் கோல் போட்டா நீங்க கீழ போயிடுவீங்க. போடாம இருந்தா, ஊர்ப்பாசத்துல வேணும்னே விட்டுட்டான்னு ஸ்போர்ட்டிங்ல சொல்லுவாங்க. இந்த வயசுல அந்தப் பேரும் வந்துட்டா அப்புறம் எவன் என்னைக் கூப்புடுவான்?”

“ஆடுனா போட்டுடுவன்னு முடிவே பண்ணிட்ட.”

“போட்டுடுவேன் டீச்சர்.” அவன் பெருமைக்குச் சொல்லவில்லை. வெயில் அடிக்கும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னான்.

“கயிறு தொங்குது பாரு. இழுத்துப் பிடி.”

இழுத்துப் பிடித்தான்.

“பத்து டீம் சட்டை போட்டுட்டேன் டீச்சர். எந்தத் தெருவுல போனாலும் ‘நம்ம இன்னாசி’ன்றாங்க. அடுத்த தெருவுலயும் அதையேதான் சொல்றாங்க. நெஜமா நான் எந்த டீம் ஆளு?”

டீச்சர் வாளியைக் கீழே வைத்தார்.

“பூட்ஸ் கொண்டாந்தியா?”

பந்தாட்டக்காரன் பூட்ஸ் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்புவானா? பையில் இருந்தது.

டீச்சர் யூனியன் கோல்கீப்பர் டெரிக்கைக் கூப்பிட்டுக் கோல் கம்பங்களுக்கு நடுவில் நிற்க வைத்தார். பெனால்டி பாக்ஸ் விளிம்பில் பந்துகளை வரிசையாக வைத்தார்.

“அடி. உனக்குத் தெரிஞ்சது எல்லாத்தையும் அடிச்சுக் காட்டு.”

இன்னாசி முதல் பந்தைக் கால் நுனியால் குத்தினான். டெரிக் கை தூக்குவதற்குள் வலைக்குள் போயிற்று.

“இது யார் குடுத்தது?”

“அம்பத்தூர் டீம்ல கத்துக்கினது. அந்தத் தரை கல்லு மாதிரி இருக்கும். காலை வீசி அடிக்க நேரமே இருக்காது.”

அடுத்ததை இடது காலால் மூலையில் வளைத்தான்.

“இது?”

“பொன்னேரி டீம். வலது கணுக்கால் வீங்கிப் போச்சு, ஆனா ஒக்கார வைக்க மாட்டேன்னுட்டாங்க. அந்த சீசன் பூரா எடது கால்லயே ஆடுனேன்.”

முதுகைக் காட்டி நின்று சட்டென்று திரும்பி அடித்தான். அது பெரம்பூர். கோல்கீப்பர் குனியும்வரை காத்திருந்து தலைக்கு மேலே தூக்கிப் போட்டான். அது மணலி. ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல அவனுக்கே உற்சாகம் வந்துவிட்டது. அந்தந்த ஊர் ஆட்களின் பெயர்கள், திட்டு, டீக்கடை எல்லாம் ஞாபகம் வந்தன.

“நான் குடுத்தது இன்னாடா?” என்றார் டீச்சர்.

“பந்து வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை தலையைத் திருப்பிப் பாக்கறது. அத ஒருநாளும் மறந்ததில்ல டீச்சர்.”

டீச்சர் தலையாட்டினார். டெரிக்கைப் பார்த்து, “எல்லாத்தையும் பாத்துக்கினியா?” என்றார்.

“பாத்துக்கினேன் டீச்சர்.”

இன்னாசிக்கு அப்போதுதான் உறைத்தது.

“டீச்சர்! என்னை வெச்சே உங்க கோல்கீப்பருக்குப் பாடம் எடுத்துட்டீங்களே!”

“நான் யூனியன் கோச்சுடா. வேற இன்னா பண்ணுவேன்?”

“நான் கேட்டதுக்குப் பதில்?”

“ஞாயித்துக்கிழமை வா.” வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கோட்டுக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் காசிமேடே மைதானத்தில் இருந்தது. இன்னாசி உள்ளே இறங்கியதும் பாதிக் கூட்டம் கைதட்டியது, மீதிக் கூட்டம் கெட்ட வார்த்தையில் வரவேற்றது. இரண்டுமே ஊர்ப்பாசம்தான்.

கால் நுனியால் குத்தினான். டெரிக் காலை நீட்டித் தடுத்தான். இடது காலால் வளைத்தான். டெரிக் முன்பே அந்த மூலையில் நின்றிருந்தான். திரும்பி அடித்தபோது வயிற்றோடு அணைத்துக்கொண்டான். தூக்கிப் போட்டபோது குனியவே இல்லை. பாடம் நன்றாகத்தான் ஏறியிருந்தது. ஸ்போர்ட்டிங் ஆட்கள் இன்னாசியை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவன் பயந்த பேச்சு அவர்கள் வாய்வரை வந்துவிட்டது.

முடிய இரண்டு நிமிஷம். இரு பக்கமும் கோல் இல்லை. யூனியன் கூட்டம் நின்றுகொண்டே விசிலுக்காகக் காத்திருந்தது.

பின்னாலிருந்து ஒரு நீளமான பந்து வந்தது. இன்னாசி ஒரு தடவை தலையைத் திருப்பிப் பார்த்தான். வலது தோளை ஒட்டி ஒரு தடுப்பாட்டக்காரன் இருந்தான். எதிரே டெரிக் ஓடி வந்துகொண்டிருந்தான். டெரிக்கின் கண் அவன் இடது காலில் இருந்தது.

இடது காலை ஓங்கினான். டெரிக் அந்தப் பக்கம் விழுந்தான். தடுப்பாட்டக்காரனும் குறுக்கே சறுக்கினான். இன்னாசி அடிக்கவில்லை. எதிரே வரும் சைக்கிளுக்கு வழி விடுவதுபோலக் காலை விலக்கினான். பந்து அவனைத் தாண்டி, விழுந்து கிடந்த இருவரையும் தாண்டித் தானாகவே உருண்டது. அவன் நாலு எட்டு ஓடிப் போய் வலது காலால் அதை உள்ளே தள்ளிவிட்டான்.

நின்றிருந்த யூனியன் கூட்டம் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

இன்னாசி கையைக் கூப்பினான். கூப்பிய கையோடு யூனியன் கூட்டத்தைப் பார்த்து நடந்தான். ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். கோட்டுக்கு அந்தப் பக்கம் பிலோமினா டீச்சர் நின்றிருந்தார். கன்னம் நனைந்திருந்தது, துடைக்கவில்லை. இருபது வருஷம் கட்டிக் காத்த டீம் கீழே போய்க்கொண்டிருந்தது.

“இன்னாசி.”

“டீச்சர்.”

“இப்ப ஒண்ணு போட்டியே, அது யார் குடுத்தது?”

சொல்லப் போனான். அம்பத்தூர் இல்லை. பொன்னேரி இல்லை. பெரம்பூரும் மணலியும் இல்லை. மீதி டீம்களையும் மனதுக்குள் தேடிப் பார்த்தான்.

“யாரும் குடுக்கல டீச்சர்.”

“அப்புறம் யாரைடா கும்பிடுற? கைய எறக்கு. ஓடு, குதி!”