கேம் பெட்டி கேட்ட கேள்வி

சங்கிலிமுத்து யாரையும் நம்பமாட்டார். கடைக்காரன் தட்டிக் காட்டிய தேங்காயைத் தானும் ஒருமுறை தட்டிப் பார்ப்பார். ஊர்க் குடிநீர்த் தொட்டியில் வால்வு திறந்துவிடும் வேலை அவருக்கு. தன் கையால் மூடிய வால்வையே பாதி வழியில் திரும்பி வந்து இன்னொரு முறுக்கு முறுக்கிவிட்டுப் போகிற மனுஷன்.

வீட்டு டிவியைப் பார்க்க வந்த மெக்கானிக் எல்லாரும் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அவருக்கு ஒரு எண்ணம். இனி ஒருத்தனும் ஏமாற்றக் கூடாது என்றுதான் ஐம்பதைத் தாண்டிய பிறகு ஜெபக்கனியிடம் தொழில் கற்கப் போனார். ஜெபக்கனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிவியும் கேம் பெட்டியும் பழுது பார்க்கிறவள். அவரைவிட ரொம்பச் சின்னவள். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார்.

ஒரு நாள் காலையில் பைக்குள்ளிருந்து ஒரு வயரை எடுத்து அவள் மேஜையில் போட்டார்.

"டீச்சர், இது அசலா, போலியா?"

அது எச்டிஎம்ஐ வயர், கேம் பெட்டியிலிருந்து டிவிக்குப் படத்தைக் கொண்டுபோகிற புது வகை. நடுவில் சிவப்பு நூல் ஒன்று கட்டியிருந்தது.

"நூல் எதுக்குண்ணே?"

"அடையாளத்துக்கு. ஆள் அசந்த நேரத்துல மாத்திரக் கூடாதுல்ல."

"நானா?"

"பொதுவாச் சொன்னேன் டீச்சர்."

"யார் குடுத்தது?"

"தங்கச்சி புருஷன் வீரணன். நான் வீட்டுல கேம் பெட்டியில கார் ரேஸ் ஆடிட்டிருந்தேன். பின்னாடி நின்னு பாத்துட்டு, என்ன மச்சான், இன்னும் பழைய மஞ்சள் வயர்லயே ஓட்டிட்டிருக்கீக, கண்ணு அவிஞ்சு போகும்னான். அப்புறம் ஒரு நாள் இதைக் கொண்டாந்து தந்தான். சும்மா."

"சும்மாத்தானே தந்தாரு?"

"அதான் இடிக்குது. கொஞ்ச நாள்ல மகளுக்குக் கல்யாணம்னு பத்திரிகையோட வந்து நிக்கிறான். தாய்மாமன் சீர் நான்தானே செய்யணும்? ஒரு வயரைக் குடுத்துட்டு பீரோவும் கட்டிலும் வாங்கப் பாக்கிறான். சரி, மாட்டித்தான் பாப்போமேன்னு மாட்டினா, படம் ஒரு இம்மி மாறலை. வயரும் போலி, ஆளும் போலி. கல்யாணத்துக்கு நான் போறதா இல்லை."

"தாய்மாமன் இல்லாம யாருண்ணே மாலை எடுத்துக் குடுப்பா?"

"அவனே குடுத்துக்கிடட்டும்."

"பொண்ணு?"

சங்கிலிமுத்து கட்டைவிரலைத் தடவிக்கொண்டார். காது குத்தும்போது அந்தப் பிள்ளை அவர் மடியில்தான் உட்கார்ந்திருந்தது. வலி தாங்காமல் அவர் கட்டைவிரலைக் கடித்து வைத்தது.

ஜெபக்கனி கடையிலிருந்த கேம் பெட்டியை முதலில் மஞ்சள் வயரில் ஓடவிட்டாள். காரின் சிவப்பு, விளிம்பைத் தாண்டிச் சாலையில் கசிந்தது. ஓரத்துப் பலகையில் இருந்த எழுத்து, ஈரத்தில் எழுதியதுபோல ஊறிக் கிடந்தது.

"எல்லா நிறமும் ஒரே வாசல்ல முட்டி மோதிட்டு வருதுண்ணே."

பிறகு மஞ்சளைக் கழற்றிவிட்டு நூல் கட்டிய வயரை மாட்டினாள். கார் தனியாக, சாலை தனியாக நின்றது. பலகையை வாசிக்க முடிந்தது.

"வயர் அசல்தான்."

அவர் நூலைத் தடவிப் பார்த்தார். அவர் போட்ட முடிச்சுதான்.

"இது உங்க டிவி டீச்சர். இதுல எல்லாம் நல்லாத்தான் தெரியும்."

"மஞ்சள்ல நல்லாத் தெரியலையே."

"அதுக்கு நீங்க எதையாவது திருகி விட்டிருப்பீக."

ஜெபக்கனி ஷட்டரை இறக்கினாள். "வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்."

வீட்டில் அவர் எப்போதும் மாட்டுகிறபடி மாட்டச் சொன்னாள். மாட்டினார். பெட்டியின் முதுகில் புது வயரும் இருந்தது, மஞ்சள் வயரும் இருந்தது.

"பழசை ஏண்ணே கழட்டலை?"

"புதுசை நம்பிப் பழசைக் கழட்டவா? நல்லாருக்கே."

"சரி, போடுங்க."

போட்டார். திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நாலு வரி எழுத்து வந்தது. அவள் வாசிப்பதற்குள் அவர் கட்டைவிரல் அழுத்திவிட்டது. கட்டம் போய்விட்டது. கார் வந்தது, பழையபடி சிவப்பு ஒழுக.

"பாத்தீகளா? நான் சொன்னேன்ல."

"அணைச்சுட்டுப் போடுங்க."

மறுபடியும் கட்டம். மறுபடியும் கட்டைவிரல்.

அடுத்த தடவை கட்டம் வந்ததும் அவர் விரலுக்கும் பட்டனுக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"இது என்ன கேக்குது?"

"என்னமோ கேக்கும் டீச்சர். இந்த வயரை மாட்டினதுலேருந்து தினம் கேக்குது. நான் 'வேண்டாம்'னு அமுக்கிருவேன். கேக்கறதுக்கெல்லாம் சரின்னு சொன்னா வீட்டையே எழுதி வாங்கிருவான்."

"வாசிங்க."

இங்கிலீஷ் அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். உதடு அசைய வாசித்தார். புது வயர் ஒன்று மாட்டியிருக்கிறது, இனிப் படத்தை அதன் வழியாக அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தது.

இன்னொரு தடவை வாசித்தார்.

"இதைத்தான் கேட்டுச்சா?"

"இதை மட்டுந்தான்."

"சரின்னு சொன்னா?"

"சொல்லிப் பாருங்க."

கட்டைவிரல் போய்ப் போய்த் திரும்பியது. கடைசியில் அழுத்தினார். திரை மொத்தமும் கறுத்துப்போனது.

"கெடுத்துட்டான்! பாத்தீகளா டீச்சர், பாவி கெடுத்துட்டான்!"

"கொஞ்ச நேரம் இருட்டாத்தான் இருக்கும். பொறுங்க."

ஜெபக்கனி ரிமோட்டை எடுத்து, மஞ்சள் வயரையே பார்த்துக்கொண்டிருந்த டிவியைப் புது வயருக்குத் திருப்பினாள்.

படம் வந்தது. அவர் தினமும் ஓட்டுகிற அதே சாலைதான். வளைவில், வேலியோரம் புதர் என்று இத்தனை காலம் நினைத்திருந்தது புதர் இல்லை. ஆட்கள். நெருக்கியடித்து நின்று கையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர் காரை ஓட்டவில்லை. அங்கேயே நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். "இவ்வளவு நல்ல வயரைத் தந்திருக்கான்னா, சீரை ரொம்பப் பெருசா எதிர்பாக்கிறான் டீச்சர்."

ஜெபக்கனி மஞ்சள் வயரைக் கழற்றிச் சுருட்டத் தொடங்கினாள்.

டிவி பக்கத்தில் வைத்திருந்த போன் அடித்தது. வீரணன். பெயரைப் பார்த்ததுமே சங்கிலிமுத்து கட்டைவிரலால் அழுத்தித் துண்டித்தார்.

"தினம் கூப்பிடுறான்."

"என்ன கேக்கிறாரு?"

"யாருக்குத் தெரியும்? எடுத்தாத்தானே."

சொல்லிவிட்டு அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"டீச்சர், வயரை ஒத்துக்கிறேன். ஆள் அசலா போலியான்னு எதுல மாட்டிப் பாக்கிறது?"

போன் மறுபடியும் அடித்தது. அவள் அதை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"பேசுங்கண்ணே. கொஞ்ச நேரம் இருட்டாத்தான் இருக்கும்."