உப்பளத்தில் நடந்த சம்மதக் கூட்டம்

முத்தளக்குடி உப்பளத்தில் ஜீப்பை விட்டு இறங்கிய மூன்று பேருக்கும் பேருக்குப் பின்னால் படிப்பு நீளமாகத்தான் இருந்தது. மூளை என்னவோ ஜீப்பில் ஏறவேயில்லை. பெரியவர் டாக்டர் வைகுந்தநாதன். கூட வந்தவர்கள் புஷ்பராஜும் ஏகாம்பரமும். உப்புத் தண்ணீரில் நின்று நின்று புண்ணாகிற கால்களுக்குப் புது மாத்திரை ஒன்றைச் செய்திருந்தார்கள். அதை ஜனங்களுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

சந்தனமாரிக்குக் கால் முழுக்கப் புண். வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை. முந்தின பிள்ளை கலைந்துபோன பயம் இன்னும் நெஞ்சில் இருந்தது. இந்த மாத்திரையைப் பிள்ளைத்தாச்சி போடலாமா என்று கேட்கத்தான் அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு வந்து முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"சார், ஒரு கேள்வி..."

"உஷ்! பேசப்படாது!" என்றார் வைகுந்தநாதன்.

"கூட்டம்னு கூப்புட்டுட்டு பேசப்படாதுன்னா எப்படி?"

ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுக்கிற நெறிமுறைக் குழு அவர்களுக்குச் சில உத்தரவுகள் போட்டிருந்தது. ஊர் ஜனங்களோடு பேசிச் சம்மதம் வாங்க வேண்டும். பேச்சு ஒழுங்காக நடந்ததா என்று அந்த ஜனங்களே மதிப்பெண் போட வேண்டும். மதிப்பெண் போடுகிறவர்கள் பேச்சில் கலந்துகொள்ளக் கூடாது. அரைக்கிறுக்கன்கூடப் பேச ஒரு பாதி, மதிப்பெண் போட ஒரு பாதி என்று ஊரை இரண்டாகப் பிரித்து உட்கார வைத்திருப்பான். இவர்கள் முழுசு ஆயிற்றே.

"ஜனங்க மார்க் போடணும். அதனால வாயைத் திறக்கப்படாது" என்றார் புஷ்பராஜ்.

"அப்போ ஜனங்களா இருந்து யாரு பேசுறது?" என்றார் ஏகாம்பரம்.

வைகுந்தநாதன் கண்ணை மூடி யோசித்தார். "மிச்சம் இருக்கிறது நாமதானேய்யா!"

மூவரும் பேண்டை மடித்துவிட்டுத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்கள். வைகுந்தநாதன் எழுந்து நின்று மாத்திரையின் பெருமையைப் பேசுவார். பேசிவிட்டு ஓடிவந்து உட்கார்ந்து தலையாட்டுவார்.

"ஐயா, மாத்திரை நல்லதுங்களா?" என்று ஏகாம்பரம் குரலை மாற்றிக் கேட்டார்.

"ரொம்ப நல்லது!"

"அப்படின்னா எங்களுக்குச் சம்மதமுங்க."

சந்தனமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அட பாவிகளா! பிள்ளத்தாச்சி ஒருத்தி கேக்கேன், எனக்குப் பதிலச் சொல்லுங்கய்யா!"

"நீங்க மார்க்கை மட்டும் போடுங்கம்மா."

அவள் மார்க் தாளில் ஆத்திரத்தோடு ஒரு முட்டை போட்டாள். புஷ்பராஜ் அதை வாங்கிப் பார்த்து உருகிவிட்டார். "எவ்வளவு வட்டமா போட்டிருக்காங்க, பாருங்க சார்!"

மாத்திரை கொடுக்கிற நேரம் வந்தது. சம்மதம் சொன்னவர்களுக்கு மட்டும்தான் கொடுக்கலாம் என்பது விதி. சொன்னது யார்? மூவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். விதியை மீறுகிற வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. ஆளுக்கொன்றாக விழுங்கித் தண்ணீர் குடித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மூன்று முகமும் பணியாரமாக உப்பி, கண்கள் மூடிக்கொண்டன. உடம்பெல்லாம் அரிப்பு. சந்தனமாரிக்குப் பதில் கிடைத்துவிட்டது. "தப்பிச்சோம்டா, சாமி" என்று வயிற்றைத் தடவிக்கொண்டாள். ஆனாலும் மனசு கேட்காமல் ஓடிப்போய்ச் சுகாதார நிலையத்து நர்ஸைக் கையோடு கூட்டிவந்தாள்.

நர்ஸ் ஊசியை எடுத்ததும் வைகுந்தநாதன் அலறினார். "நில்லும்மா! ஊர் சம்மதம் இல்லாம ஊசி போடப்படாது. இன்னைக்கு ஊருன்னா நாங்கதான். ஊசி வேணும்கிறவங்க கையத் தூக்குங்க!"

மூன்று கைகளும் சட்டென்று மேலே போயின. வைகுந்தநாதன் மூடிப்போன கண்களோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு கையும் தெரியலை. தீர்மானம் தோத்துப்போச்சு" என்று அறிவித்துவிட்டு, முதுகைச் சொறிய ஆரம்பித்தார்.